ஹம்பர் ஆற்றில் சால்மன்: எந்த நாளில், எந்த இடத்தில், எப்படி

ஓகஸ்ட் கடைசியில் ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டிக் கூடும் சினூக் சால்மன்கள், செப்ரெம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் நடுவரை ரொறன்ரோ நகருக்குள் ஓடும் ஹம்பர் ஆற்றில் ஏறும். ஓல்ட் மில் சப்வே நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஆற்றங்கரை. கார் வேண்டாம், படகும் வேண்டாம். 5 முதல் 10 கிலோ மீன் இவ்வளவு கிட்ட வருவதால்தான் சட்டத்தை மீறுவதும் இங்கே இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

முதலில் அனுமதிப்பத்திரம்

18 முதல் 64 வயதுவரையான கனடாவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்கும் வேட்டைக்கும் மாகாணம் தரும் அடையாள அட்டை) மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இரண்டையும் ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் எடுக்கலாம். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கும் பத்திரத்துக்குக் கார்டு தேவையில்லை. 18க்குக் கீழும், 65இலும் அதற்கு மேலும் உள்ள கனடாவாசிகளுக்கு வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை போதும். நம் வீடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊரிலிருந்து இரண்டு மாதம் தங்க வந்திருக்கும் அப்பாவுக்கு வயது 70 ஆனாலும் அந்தச் சலுகை கிடையாது. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் கனடாவில் வாழ்ந்தவர்களுக்கே அது பொருந்தும். அவருக்கு வெளிநாட்டவருக்கான பத்திரம் தனியாக எடுக்க வேண்டும். "நான் சும்மா தடியைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்பது அதிகாரியிடம் எடுபடாது. பத்திரம் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்று மாகாணம் விடும் நாட்களும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கோடையிலும்தான் வரும், சால்மன் ஏறும் நேரத்தில் அல்ல.

பத்திரம் இரண்டு வகை. ஸ்போர்ட் வகையில் கொண்டுபோகக்கூடிய மீன்கள் அதிகம், கன்சர்வேஷன் வகையில் குறைவு. வருடத்துக்கு ஒரு மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்றால் இரண்டாவதே மலிவு.

அடுத்தது எல்லை. ஆறு முழுவதும் ஒரே நாளில் திறந்து ஒரே நாளில் மூடுவதில்லை. மேலாற்றில் பல பகுதிகளுக்குச் செப்ரெம்பர் கடைசியோடு காலம் முடியும்; ஏரிக்குக் கிட்டிய கீழ்ப்பகுதிக்குத்தான் நீடித்த காலம். இரண்டுக்கும் நடுவே எல்லையாக இருப்பது பெரும்பாலும் ஒரு வீதிப் பாலம். மாகாணத்தின் "ஃபிஷ் ஒன்-லைன்" வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, அந்த விதியைத் தொலைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நாலு பேர் தூண்டில் போடுகிறார்கள் என்பது அந்த இடம் திறந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல.

ஆற்றுவாயா, ஆறா?

சாப்பிடுவதற்கு என்றால் ஆற்றுவாய்தான். ஹம்பர் பே பார்க் பக்கத்தில் ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் வரும் மீன் வெள்ளியாக மின்னும், தசை இறுக்கமாக இருக்கும். ஆற்றில் ஏறிய சினூக் இரை எடுப்பதை விட்டுவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தே மேலே போகும். ஓல்ட் மில்லுக்கு வரும்போது கறுத்து, தசை வெளிறிப் பஞ்சுபோல ஆகியிருக்கும். முட்டையிட்டதும் செத்துப்போகும்.

ஆற்றுவாயில் விடியுமுன் இருட்டில் 20 கிராம் அளவான, ஒளிரும் பூச்சுப் பூசிய உலோகக் கரண்டித் தூண்டிலை எறியுங்கள். ஐந்தாறு எறிதலுக்கு ஒருமுறை டோர்ச் அடித்து ஒளியேற்ற வேண்டும். வடக்குக் காற்று ஒரு நாள் விடாமல் அடித்தால் கரையோரத்துச் சூடான மேல்நீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்நீர் கரைக்கு ஏறும். அதோடு மீனும் கிட்ட வரும். தெற்குக் காற்று அடித்துக் கரைத்தண்ணீர் சூடாகக் கிடக்கும் நாளில் நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

ஆற்றுக்குள் மழைதான் கணக்கு. மழையோடு தண்ணீர் மண்நிறமாகும், மீன் ஏறும். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் வடிந்து பச்சை கலந்த நிறத்துக்குத் திரும்பும்போது மீன் பிடிபடும். முழங்கால் தெரியாத கலங்கலில் இறங்கவேண்டாம். நகரத்தின் கொங்கிறீற்றில் விழும் மழை முழுவதும் சில மணித்தியாலத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். பெருமழையில் கழிவுநீரும் கலக்கும், ஆகவே கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

மிதவைத் தூண்டில் கட்டுவது

9 முதல் 10 அடித் தடி, 4000 அளவு றீல், 15 இறாத்தல் தங்கூசி. அதில் 8 முதல் 11 கிராம் தாங்கும் மிதவை, கீழே சிறிய சுழல்வளையம், அதிலிருந்து 50 சென்ரிமீற்றருக்கு 12 இறாத்தல் ஃபுளோரோகார்பன் தங்கூசி, முனையில் 4ஆம் இலக்க முள். கீழ்த்துண்டு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: முள் கல்லில் மாட்டி அறுந்தால் அந்த அரை மீற்றர்தான் போகும், மிதவையும் நீளத் தங்கூசியும் ஆற்றில் கிடந்து வாத்தின் காலில் சுற்றாது. ஈயக்குண்டுகளில் பெரியவை மிதவைப் பக்கம், சிறியவை முள்ளுப் பக்கம். மிதவையின் நுனி மட்டும் தெரியும்வரை ஈயம் சேருங்கள்.

இரைக்குச் சினை மூட்டை. 7 சென்ரிமீற்றர் சதுர வலைத்துணியில் பதப்படுத்திய சினையை வைத்து, இழுபடும் நூலால் முடிச்சில்லாமல் சுற்றிக் கட்டுங்கள். கலங்கலில் 25 சத நாணய அளவு, தெளிந்த நீரில் 10 சத அளவு. கடித்துத் தின்ன வராத மீன்கூட இதை வாயில் எடுத்துப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும்.

ஆழம்தான் பெரும்பாலானோருக்குப் பிழைக்கிறது. சினை அடித்தளத்துக்கு ஒரு சாண் மேலே போகவேண்டும். மிதவையை 10 சென்ரிமீற்றர் வீதம் நகர்த்தி ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். மிதவை தட்டித்தட்டி இழுபடத் தொடங்கினால் முள் தரையில் உரசுகிறது. ஒரு படி திரும்புங்கள். அடுத்த பிழை, மிதவைக்கும் தடிக்கும் இடையில் தங்கூசி தண்ணீரில் வில்லாக வளைந்து கிடப்பது. வேகமான மேல்நீர் அந்த வளைவை இழுக்க, மிதவை ஓட்டத்தைவிட விரைவாக ஓடும், இரை மேலே தூக்கும். தடியை உயர்த்தி அந்த வளைவை மேலோட்டப் பக்கம் எடுத்துப் போடுங்கள்.

கொக்கி போட்டு இழுப்பது

இரை எடுக்காத மீன் கூட்டமாக நிற்கும் குட்டையில் பெரிய முள்ளை எறிந்து வெட்டி இழுப்பவர்களை ஒவ்வொரு வருடமும் காணலாம். அது குற்றம். முள் வாயைத் தவிர வேறெங்கே குத்தினாலும், தற்செயலாகக் குத்தியிருந்தாலும், மீனை உடனே விட்டுவிட வேண்டும். வாயில் மாட்டிய மீன் தலையை உதறும், அது தடியில் தெரியும்; முதுகிலோ வாலிலோ மாட்டியது உதறாமல் ஒரே நேராக ஓடும். அப்படி ஓடினால் தடியைத் தங்கூசியின் நேருக்குத் தாழ்த்தி, றீலைக் கையால் அமுக்கிப் பிடித்து அறுத்துவிடுங்கள். இருபது நிமிடம் போராடி எடுத்தாலும் அது உங்கள் மீன் இல்லை. மற்றவர் செய்வதைக் கண்டால் நேரே சண்டைக்குப் போகாமல் மாகாணத்தின் 1-877-847-7667க்குச் சொல்லுங்கள்.

ஓல்ட் மில் பாலத்துக்கு மேலே உள்ள தடுப்பணைகளில் மீன் ஏறுவதற்கென வெட்டிய இடைவெளி உண்டு. சினூக் அதைத் தாண்டப் பாய்ந்து, பக்கச் சீமெந்தில் மோதி விழுந்து, மறுபடி பாயும். அங்கே குழந்தைகளோடு நின்று பாருங்கள், தூண்டிலை வெளியே எடுக்காதீர்கள். அதற்கும் மேலே, ஆழமில்லாத ஓட்டத்தில், சுற்றிலும் பாசி படிந்திருக்க நடுவில் மட்டும் வெளுத்துத் தெரியும் கூழாங்கல் பரப்பு முட்டைக்குழி. பெண்மீன் வாலாலேயே தோண்டுவதால் அதன் வால் ஓரம் தேய்ந்து வெள்ளையாக இருக்கும். கால் வைத்தால் அடியில் முட்டை நசியும்.

வைத்திருப்பதா, விடுவதா

வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள்: கறுப்பென்றால் சினூக், பல்லடி வெளுப்பென்றால் கோஹோ என்ற இன்னொரு சால்மன். செவுள்மூடியில் பெரிய புள்ளிகளும், வாலில் புள்ளி இல்லாமலோ ஓரிரண்டாகவோ இருந்தால் அட்லாண்டிக் சால்மனாக இருக்கலாம். அதுதான் இந்த ஏரியின் சொந்த மீன், 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அடியோடு அழிந்து, இப்போது மறுபடி வளர்த்து விடப்படுகிறது. சினூக் 1960களின் பிற்பகுதியிலிருந்து பசிபிக் பக்கத்து மீனைப் பேரேரிகளுக்குக் கொண்டுவந்து விட்டதால் வந்தது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். மீனைத் தண்ணீரிலேயே வைத்து, வால்கட்டைப் பிடித்து, குறடால் முள்ளைக் கழற்றுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.

கொண்டுபோவதென்றால் உடனே தலையில் அடித்து, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸில் வையுங்கள். எடுத்த மீனைப் பழுதாக விடுவதும் குற்றம். சினையை மட்டும் எடுத்துவிட்டு உடலைக் கரையில் எறிவது இதில்தான் சேரும்.

எத்தனை தடவை சாப்பிடலாம் என்பதை மாகாணத்தின் "ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி"யில் மீனின் நீளத்தைக் கொண்டு பார்க்கவேண்டும். பெரிய மீனுக்குக் கட்டுப்பாடு கூடும். கர்ப்பமாகக்கூடிய பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் தனி நிரல் உண்டு. அந்தக் கணக்கு தோலும் முள்ளும் நீக்கிய முதுகுச் சதைக்கு மட்டுமே. மீனில் சேரும் பீசிபி என்ற நச்சு இரசாயனம் கொழுப்பில் தங்கும், ஆகவே தோலையும் வயிற்றுப்பக்கக் கொழுப்பையும் வெட்டி எறிந்தால் குறையும். பாதரசம் சதையிலேயே இருக்கும், எப்படிச் சமைத்தாலும் போகாது. தலைக்குழம்புக்கும் சினைப் பொரியலுக்கும் கடையில் வாங்கிய மீனே நல்லது.