டர்போ பெட்ரோல் எஸ்யூவிக்கு ஸ்பார்க் பிளக்: எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

டீசல் வண்டிக்காரர்களுக்கு இது வேண்டாம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது க்ளோ பிளக், அதன் வேலையே வேறு. நெக்ஸான், வென்யூ, குஷாக், டைகுன் போன்ற வண்டிகளின் டர்போ பெட்ரோல் மாடல்களுக்கானது இது.

டர்போ வண்டியில் பிளக் தேய்ந்தால் முதலில் ஐட்லிங்கில் தெரியாது. ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதும்தான் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, அதே இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். பொறி பாயும் முனையான எலக்ட்ரோடு தேய்ந்து கேப்பும் (அந்த இடைவெளி) அகன்றுவிட்டால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அவ்வளவு வோல்டேஜ் கொடுக்கத் திணறும், அப்போதுதான் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அடுத்து போவது காயில். நாலு பிளக்கின் விலையைவிட ஒரு காயிலின் விலை அதிகமாக இருப்பதும் உண்டு.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டர்போ என்ஜின்களில் இரிடியம் பிளக்குக்குப் பெரும்பாலும் 40,000 முதல் 60,000 கி.மீ. வரை சொல்வார்கள்.

வாங்கும்போது

கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடல் டர்போவிலும் வரும், டர்போ இல்லாமலும் வரும். இரண்டுக்கும் பிளக்கின் மரை, நீளம் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம். போட்டால் கச்சிதமாக உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். வேறுபாடு ஹீட் ரேஞ்சிலும் கேப்பிலும் இருக்கும். அதனால் பழைய பிளக்கில் உள்ள முழு நம்பரையும் புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டுவிட்டுப் போங்கள். முன்பு யாராவது தப்பான பிளக்கைப் போட்டிருக்கலாம் என்பதால் பழையதை மட்டும் நம்பக்கூடாது.

ஹீட் ரேஞ்ச் என்பது பிளக் தன் முனையிலுள்ள சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்கு (பிளக் பொருந்தும், சிலிண்டருக்கு மேலுள்ள பகுதி) கடத்துகிறது என்பதன் அளவு. வேகமாகக் கடத்துவது ‘கோல்டு’ பிளக். டர்போவுக்குப் பொதுவாக இதுதான் வரும். முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரிந்து போகாமல் படியும். 850-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். டர்போவில் இது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் ஹீட் ரேஞ்ச் எண் கூடினால் கோல்டு. பாஷில் தலைகீழ், எண் குறைந்தால்தான் கோல்டு. பிராண்ட் மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான். எண்ணைப் பார்த்து ஊகிக்காமல், அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் என்ஜினைத் தேடி எடுங்கள்.

கேப் டர்போவில் பெரும்பாலும் 0.7 – 0.8 மி.மீ. என்ஜிகே நம்பரின் கடைசியில் ‘11’ என்றிருந்தால் 1.1 மி.மீ. கேப். டர்போ வண்டிக்கு இதை எடுத்து நீட்டினால் நம்பரை இன்னொரு தரம் சரிபாருங்கள். இரிடியம் பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வயர் கேஜால் அளந்தால் போதும். நாணயம் போன்ற வட்டக் கேஜை நெம்பி உள்ளே விடாதீர்கள். நடு முனை 0.4 – 0.6 மி.மீ. பருமன்தான், உடைந்துவிடும். சரிசெய்தே ஆகவேண்டும் என்றால் மேலே வளைந்திருக்கும் கொக்கியை மட்டும், அதுவும் 0.2 மி.மீ.க்கு மேல் போகாமல் வளைக்கலாம். கீழே விழுந்த பிளக்கைப் போடவே வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

டூப்ளிகேட் நிறைய நடமாடுகிறது. மரை சொரசொரப்பாக இருப்பது, எழுத்து மங்கலாக இருப்பது, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருப்பது எல்லாம் அடையாளங்கள். டீலரிடமோ அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ வாங்குவது நல்லது.

மாற்றும்போது

தேவையானவை: 14 அல்லது 16 மி.மீ. பிளக் சாக்கெட் (சில என்ஜின்களுக்கு 12 முனை கொண்ட 14 வேண்டும்), நீள எக்ஸ்டென்ஷன், காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட் அல்லது டார்க்ஸ் பிட், சிறிய அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ரெஞ்ச்). வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது; இவ்வளவு குறைந்த அளவில் அது சரியாகக் காட்டாது.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். மேல்மூடியையும் குறுக்கே வரும் காற்றுக் குழாயையும் எடுத்துவிட்டு, திறந்த குழாய் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். சின்ன நட்டு ஒன்று உள்ளே விழுந்தாலும் டர்போவின் கதை முடிந்தது.

ஒவ்வொரு சிலிண்டராக முடித்துக்கொண்டே போங்கள். காயில் கப்ளரின் (வயர் வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு) லாக்கை முதலில் விடுவியுங்கள். என்ஜின் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஒடியும். காயிலை லேசாகத் திருகி, ரப்பரை விடுவித்து, நேராக மேலே இழுங்கள். பிறகு பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் போகும்.

பிளக் கிறீச்சிட்டு இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். கால் சுற்றுத் திரும்ப இறுக்கி, மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் கழித்து, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள்.

கழற்றியவற்றை சிலிண்டர் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது எப்போதும் குட்டிக் குட்டித் தூரம் ஓட்டம். வெள்ளையாகப் பொரிந்திருந்தாலோ, பீங்கானில் மிளகுத் தூள் போல அலுமினியத் துகள் ஒட்டியிருந்தாலோ அது அதிகச் சூடு அல்லது நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது). புதுப் பிளக் போட்டுக்கொண்டு போய்விடாமல் என்ஜினைக் காட்டுங்கள். குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் சீல் போயிருக்கிறது. பீங்கானும் உலோகமும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது கசிவு அல்ல. ஆனால் பீங்கான் மேல் நெடுக்காகக் கறுப்புக் கோடு இருந்தால் பொறி வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. அந்தக் காயில் ரப்பரையும் மாற்ற வேண்டும்.

புதியதைக் கையாலேயே தொடங்க வேண்டும். ராட்செட் இல்லாமல் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் மட்டும் பிடித்துத் திருகுங்கள். இரண்டு சுற்றிலேயே தடுத்தால் மரை மாறி ஏறியிருக்கிறது; எடுத்து மறுபடி விடுங்கள். உட்கார்ந்ததும் டார்க் ரெஞ்ச். புத்தகத்தில் வேறு அளவு இல்லையென்றால், வாஷர் உள்ள 12 மி.மீ. மரைக்கு 15 – 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 – 30. குறைவாக இறுக்கினால் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் கோல்டு பிளக்கே ஹாட் பிளக் ஆகிவிடும். அதிகமானால் பிளக்கின் உடல் இழுபடும், மரையும் போகும். மரையில் கிரீஸ், ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசை) எதுவும் வேண்டாம்: வழுக்குவதால் ரெஞ்ச் காட்டும் அளவுக்கு மேல் இறுகிவிடும். காயில் ரப்பரின் உள்விளிம்பில் மட்டும் மின்சாரம் கடத்தாத டை-எலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவலாம்.

காயிலை அழுத்தி உட்காரவைத்து, கப்ளர் ‘டிக்’ என்று பிடிக்கும்வரை தள்ளி, குழாய் கிளிப்புகளை முறையாகப் பூட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மிஸ்ஸிங் அடித்து செக் என்ஜின் விளக்கு மின்னினால் உடனே அணைத்துவிடுங்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எரித்துவிடும். ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தால் மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டரில். அதன் காயிலை ஒன்றாவதோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறியீடு பி0301 என்று மாறினால் காயில்தான் கோளாறு. அதே 0302 நின்றால் பிளக்கைக் கழற்றிக் கேப்பையும் பீங்கானையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் கப்ளர் வயரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டியிருக்கும்.