நாடாளுமன்றக் குழுவுக்கு விளக்கமளிக்கப் போகும் இளம் அதிகாரிக்கு

வேறு நாட்டுடன் பேசிவரும் உடன்பாடு கையெழுத்தானதும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விளக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு 1919-ஐ நினைவூட்டுங்கள். அமெரிக்க அதிபர் வில்சன் பாரிஸ் பேச்சுவார்த்தைக் குழுவில் செனட் என்ற மேலவையின் உறுப்பினர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அங்கே உருவான, முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் அமைதி உடன்படிக்கை செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் தோற்றது. 1985-இல் சோவியத் ஒன்றியத்துடன் நடந்த ஜெனீவா ஆயுதக் குறைப்புப் பேச்சுக்கு இரு கட்சி செனட்டர்களும் பார்வையாளர்களாக அனுப்பப்பட்டார்கள். அந்தப் பேச்சில் உருவான நடுத்தர தூர ஏவுகணை உடன்படிக்கையை 1988-இல் அதே அவை 93-5 என்று நிறைவேற்றியது. பார்வையாளர் குழு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வேறுபாடு கண்ணில் படுகிறது.

எனவே நம் நிலைப்பாடு இறுகுவதற்கு முன்பே முதல் கூட்டத்தை வையுங்கள். அதற்கும் முன்னால் குழுத் தலைவரையும் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினரையும் தனித்தனியே பாருங்கள். எதிர்க்கட்சிக்காரரை விட்டுவிடுவது நம் துறையில் ஊறிப்போன சோம்பல். நாளை ஆட்சி மாறினால் உடன்பாட்டைக் காப்பாற்றவேண்டியவர் அவர்தான்.

கையில் ஒரே ஒரு பக்கம் போதும். வரைவில் எந்தச் சொற்கள் இன்னும் ஒப்புக்கொள்ளப்படாமல் அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன, எதிர்த்தரப்பு என்ன கேட்கிறது, நாம் எதை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதையே முதல் வரியாக வையுங்கள். எதிர்த்தரப்பு வாயால் சொன்னது வேறு, நாம் ஊகித்தது வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். பிரதிகளுக்கு எண் இட்டு, கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

நாம் எதுவரை இறங்குவோம் என்ற கடைசி எல்லையை மட்டும் சொல்லக்கூடாது. கேட்டால், "இதை இப்போது சொல்ல இயலாது, இன்ன கட்டத்தில் சொல்வேன்" என்று நேராகச் சொல்லுங்கள். "அப்படி எதுவும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுப்பை மன்னிக்கும் உறுப்பினர்கள் பொய்யை மன்னிப்பதில்லை.

அவர்கள் கோபப்பட்டால் மனத்துக்குள் மகிழலாம். 2010 பிப்ரவரியில் வங்கிப் பரிமாற்றத் தகவல்களை அமெரிக்காவுக்குத் தரும் உடன்பாட்டை ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது. கூடுதல் பாதுகாப்புகளுடன் வந்த புதிய உடன்பாட்டை ஜூலையில் ஏற்றது. "எங்கள் அவை இதை ஏற்காது" என்ற வாக்கியம் பேச்சுவார்த்தை மேசையில் எடுபட, அவை உண்மையிலேயே முரண்டு பிடிக்கவேண்டும். ஆகவே எந்த உறுப்பினர் எந்தப் பிரிவை எதிர்த்தார் என்பதை அன்றிரவே எழுதிப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் காலை அமர்வுக்கு முன் அது அவர்கள் கையில் இருக்கவேண்டும்.