மின்னழுத்தச் சரிவில் தூண்டல் மோட்டார் ஏன் நிற்கிறது? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மின்வழங்கலில் எங்கோ ஒரு குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ, அதே பஸ்பாரில் (பல சுமைகளுக்கு மின்சாரம் பகிரும் பொதுக்கடத்தியில்) பெரிய மோட்டார் ஒன்று புறப்பட்டாலோ, மின்னழுத்தம் சில நொடிப்பகுதிகளுக்குக் குறைந்து மீண்டும் உயர்கிறது. ஐ.இ.இ.இ. 1159 தரநிலை இதற்கு எல்லை வகுத்துள்ளது: மின்னழுத்தத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பு (மாறும் அலையின் பயனுறு அளவு) இயல்பளவில் 10 முதல் 90 சதவீதத்துக்குள் இறங்கி, அரைச் சுழற்சி முதல் ஒரு நிமிடம் வரை நீடித்தால் அது மின்னழுத்தச் சரிவு. இத்தகைய சரிவுக்குப் பிறகு மோட்டார் நின்றுவிட்டால் மோட்டாரையே குற்றம் சொல்வது வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் மோட்டார் தாக்குப்பிடித்திருக்கும். அதற்கு மின்சாரம் கொடுத்த காண்டாக்டர், அதாவது காயிலின் காந்தவிசையால் மூடி நிற்கும் சுவிட்ச்தான் முதலில் கைவிட்டிருக்கும். ஆகவே எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், நின்றது காண்டாக்டராலா, முறுக்குவிசை போதாமையாலா, மின்னழுத்தம் திரும்பிய பிறகு எழுந்த மின்னோட்டத்தாலா என்று பிரித்தறிவதே முதல் வேலை.

முதலில் பதிவு வேண்டும்

மின்தர அளவி ஒன்றை மோட்டார் இணைக்கப்பட்டுள்ள பஸ்பாரில் பொருத்தி, மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களையும், மூன்று மின்னோட்டங்களையும், காண்டாக்டர் காயிலின் மின்னழுத்தத்தையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். காயில் மின்னழுத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விடை பெரும்பாலும் அங்குதான் கிடைக்கிறது. ஆர்.எம்.எஸ். மதிப்பை அரைச் சுழற்சிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கருவியாக இருப்பது அவசியம். நொடிக்கு ஒருமுறை சராசரி எடுக்கும் மீட்டரில் 100 மில்லிநொடிச் சரிவு கண்ணில் படாமலே போய்விடும்.

பதிவை வாசிக்கும்போது நிகழ்வுகளின் வரிசையைப் பாருங்கள். மின்னழுத்தம் திரும்புவதற்கு முன்பே மூன்று மின்னோட்டங்களும் ஒரே கணத்தில் சுழியத்துக்கு வந்திருந்தால், காண்டாக்டர் திறந்துவிட்டது என்று பொருள். மின்னோட்டம் சரிவின் போது ஏறிக்கொண்டே போய், மின்னழுத்தம் திரும்பிய பிறகும் பல மடங்கில் நீடித்து, சில நொடிகள் கழித்து அறுந்திருந்தால், மோட்டார் வேகத்தை மீட்க இயலாமல் ஓவர்லோடு ரிலே துண்டித்திருக்கிறது.

காண்டாக்டரைச் சோதித்தல்

ஐ.இ.சி. 60947-4-1 தரநிலையின்படி, மாறுதிசை மின்னோட்டக் காயில் கொண்ட காண்டாக்டர் 85 சதவீத மின்னழுத்தத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் விடுவிக்கும் அளவு 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே பலகையில் அருகருகே உள்ள இரண்டு காண்டாக்டர்களில் ஒன்று பிடித்து நிற்க, மற்றொன்று விழுந்துவிடுவதற்கு இதுவே காரணம். சரிவு எந்த அலைப்புள்ளியில் தொடங்குகிறது என்பதும் முடிவை மாற்றும். அத்துடன், காயில் எந்த ஃபேஸிலிருந்து ஊட்டப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் ஆழமான சரிவு வந்து, காயிலும் அதே ஃபேஸில் இருந்தால், மோட்டாருக்குப் போதிய முறுக்குவிசை இருந்தும் அது நின்றுவிடும்.

இதற்கான தீர்வு எளியது, செலவும் குறைவு: கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். வைக்கலாம், காயிலைச் சில நூறு மில்லிநொடிகள் பிடித்து வைக்கும் துணைக்கருவியைப் பொருத்தலாம், அல்லது நேர்மின்னோட்டக் காயிலுக்கு மாற்றி அதற்குத் தாங்குதிறனுள்ள மின்வழங்கியைத் தரலாம். எதைச் செய்தாலும், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் காயில் தாமதமின்றி விடுபட வேண்டும். பிடித்து வைக்கும் கருவி பொத்தானுக்குப் பின்னால், காயிலோடு நேரடியாக இணைந்திருந்தால் நிறுத்தமும் தாமதமாகும்; உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது என்பதால், இணைத்து முடித்ததும் இதை இயக்கிச் சோதிக்காமல் விடக்கூடாது.

மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுதல்

தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்னழுத்தம் 70 சதவீதமானால், அதே நழுவலில் (சுழலும் காந்தப்புலத்தின் வேகத்திலிருந்து ரோட்டார் பின்தங்கும் அளவில்) முறுக்குவிசை 49 சதவீதமாகிவிடும். சுமை கேட்கும் முறுக்குவிசையை மோட்டாரின் உச்ச முறுக்குவிசையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், மோட்டார் நிலையாகச் சுமக்கக்கூடிய மிகக்குறைந்த மின்னழுத்தம் கிடைக்கும். உச்சம் முழுச்சுமையைப் போல 2.5 மடங்காக இருந்தால் அது ஏறத்தாழ 63 சதவீதம். 2 மடங்கே என்றால் 71 சதவீதம். சுமை 70 சதவீதம் மட்டுமே என்றால், 2.5 மடங்கு உச்சமுள்ள மோட்டார் 53 சதவீதம் வரை சமாளிக்கும். மோட்டாரைச் சுமைக்குச் சற்றுப் பெரியதாகத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும் பயனை இங்கே எண்ணாகவே பார்க்கலாம்.

அந்த எல்லைக்குக் கீழே போனால் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 30 கிலோவாட், நிமிடத்துக்கு 1470 சுற்று வேகமுள்ள நான்கு துருவ மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முழுச்சுமை முறுக்குவிசை சுமார் 195 நியூட்டன் மீட்டர்; உச்சம் 2.5 மடங்கு என்றால் சுமார் 487. மின்னழுத்தம் 60 சதவீதமானால் உச்சமே 175 ஆகச் சுருங்கிவிடுகிறது. சுமையோ 195 கேட்கிறது. சரிவு தொடங்கிய கணத்தில் மோட்டார் தருவது 70 மட்டுமே என்பதால் 125 நியூட்டன் மீட்டர் பற்றாக்குறை ஏற்படுகிறது. ரோட்டாரும் சுமையும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறன் 1 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொண்டால், வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 125 ரேடியன்/நொடி வீதத்தில் குறையத் தொடங்கும். ஆனால் நழுவல் கூடக்கூட முறுக்குவிசையும் ஏறுவதால் வேகக்குறைவு தணிகிறது. மாறாநிலைச் சமன்பாட்டின்படி கணக்கிட்டால், சுமார் 0.3 நொடியில் வேகம் 1360 சுற்றை ஒட்டி வரும். மின்னழுத்தம் அப்போது முழுமையாகத் திரும்பினால், உச்ச முறுக்குவிசை 487 கிடைத்து மோட்டார் எளிதாக மீண்டெழும். சரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் எழும் கணநேர முறுக்குவிசைத் துடிப்புகளை இந்தக் கணக்கு பொருட்படுத்துவதில்லை. அவை கப்ளிங்கையும் தண்டையும் வருத்தக்கூடியவை.

விசிறி, மையவிலக்குப் பம்பு போன்றவை வேகம் குறைந்தால் சுமையும் குறைவதால் தாங்கிக்கொள்ளும். முன்பின் நகரும் பிஸ்டன் கொண்ட கம்ப்ரசர், சுமை ஏற்றிய கன்வேயர் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

மூன்று ஃபேஸும் ஒரே அளவில் இறங்காத சரிவுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எதிர்வரிசை மின்னழுத்தத்துக்கு (சமநிலையின்மையால் உருவாகி, எதிர்த்திசையில் சுழலும் புலத்தைத் தரும் கூறுக்கு) மோட்டார் காட்டும் மின்மறுப்பு மிகக் குறைவு. பூட்டிய ரோட்டார் நிலையின் மின்மறுப்பை ஒத்தது. எனவே சிறு சமநிலையின்மையும் மின்னோட்டத்தில் அதைவிட ஐந்தாறு மடங்கு சமநிலையின்மையாக வெளிப்படும். 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் 100 ஹெர்ட்ஸ் முறுக்குவிசை அதிர்வும் சேர்ந்துகொள்ளும்.

மின்னழுத்தம் திரும்பும் கணம்

என் கணிப்பில், சரிவைக் காட்டிலும் மீட்சியே பலமுறை அதிகச் சேதம் செய்கிறது. வேகம் குறைந்த மோட்டார்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் புறப்பாட்டு மின்னோட்டத்தை நெருங்கிய அளவில் இழுக்கும்போது, மின்வழங்கல் வலுவற்றதாக இருந்தால் மின்னழுத்தம் 80 சதவீதத்தை ஒட்டியே தேங்கிவிடும். அந்தத் தேக்கத்தில் எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காது. அதனால் எல்லா மோட்டார்களையும் பிடித்து வைப்பது தவறான முயற்சி. இன்றியமையாதவற்றை மட்டும் பிடித்து வைத்து, மற்றவற்றை விழவிட்டு, சில நொடி இடைவெளியில் குழு குழுவாகப் புறப்படச் செய்யுங்கள். தாழ்மின்னழுத்த ரிலேவுக்குத் தாமதம் கொடுக்கும்போது, அந்தத் தாமதம், மேலே கண்ட முறையில் கணக்கிடும் தாங்குநேரத்தை (மின்னழுத்தம் திரும்பினால் மோட்டார் மீண்டெழக்கூடிய நேரத்தை) தாண்டக்கூடாது.

காண்டாக்டர் திறந்து, அரை நொடிக்குள் தானாக மீண்டும் மூடும்படி இருந்தால் ஆபத்து உண்டு. ரோட்டாரில் எஞ்சிய காந்தப்பாயத்தால் மோட்டார் முனைகளில் மின்னழுத்தம் இன்னும் இருக்கும். அது மின்வழங்கலுக்கு எதிர்க்கட்டத்தில் நிற்கும்போது இணைப்பு நேர்ந்தால், மின்னோட்டமும் தண்டு முறுக்குவிசையும் இயல்பான புறப்பாட்டைக் காட்டிலும் மிக அதிகமாகும். எஞ்சிய மின்னழுத்தம் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை மறுஇணைப்பைத் தாமதப்படுத்துங்கள். பெரிய மோட்டார்களில் இதற்கு ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம்.

வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வழியே ஓடும் மோட்டாரில் மேற்கண்ட முறுக்குவிசைக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. அங்கே நேர்மின்னோட்டப் பஸ்ஸின் (டிரைவுக்குள் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு நிற்கும் பகுதியின்) மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே போனதும் டிரைவே துண்டித்துக்கொள்ளும். சுழலும் நிறையின் ஆற்றலைக் கொண்டு பஸ்ஸைத் தாங்கும் வசதியும், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் வசதியும் பல டிரைவ்களில் உள்ளன. அவை அணைத்தே வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அமைப்புகளில் பாருங்கள்.

மாற்றங்களைச் செய்த பிறகும் பதிவுக்கருவியைக் கழற்றிவிட வேண்டாம். அடுத்த சரிவில் காயில் மின்னழுத்தம், மோட்டார் மின்னோட்டம், மீட்சிக்கு ஆன நேரம் ஆகிய மூன்றையும் கணக்கோடு ஒப்பிட்டு, மீட்சி நேரம் கணித்ததைவிட நீண்டிருந்தால் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கும் மோட்டார்களின் எண்ணிக்கையை மேலும் குறையுங்கள்.