ஐஜிபிடி-யை ஆர்134ஏ-வில் குளிர்விப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்வெர்ட்டரில் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் ஐஜிபிடி சில்லுகளைக் குளிர்விக்க, குளிர்பதன கேஸான ஆர்134ஏ-வைப் பம்ப் இல்லாமல் கொதித்தும் குளிர்ந்தும் தானே சுற்ற வைக்கும் தெர்மோசைஃபன் கட்டும் புதியவர்களைப் பார்க்கிறேன். பத்து வருடம் முன்பு நான் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பேஸ்ட் தடவ மறப்பது, போல்ட்டை ஒழுங்காக முறுக்காதது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை சூடுபட்டால் தானே பழகிவிடும்.

உள்ளே தங்கும் காற்று

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இதுதான்.

ஏசி ரிப்பேரில் ஒரு குறுக்கு வழி உண்டு. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் போடாமல், கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு அப்படியே சார்ஜ் செய்துவிடுவார்கள். என் முதல் அமைப்பில் நானும் அதையே செய்தேன். பம்ப் கிடையாது, ஆவி கீழிருந்து கண்டென்சருக்கு (ஆவியைத் திரவமாக்கும் பகுதி) ஏறும், குளிர்ந்து அதே குழாயில் திரும்பி வழியும். குறைந்த லோடில் நன்றாக ஓடியது. லோடை ஏற்றியதும் ஐஜிபிடி உட்காரும் கோல்டு பிளேட் கணக்கைவிட 12 டிகிரி கூடுதலாக நின்றது. கேஸ் போதவில்லை என்று இன்னும் ஏற்றினேன், மோசமானது. ஃபேனை மாற்றினேன். அப்புறம் கண்டென்சரையே பெரிதாக வாங்கிப் போட்டோம். மூன்று வாரமும் ஒரு மாட்யூலும் போன பிறகுதான் கண்டென்சரைக் கையால் தடவிப் பார்த்தேன். கீழ்ப்பாதி நல்ல சூடு. மேல்பாதி ஜில்லென்று இருந்தது. ஆவி அங்கே போகவே இல்லை.

ஆவி திரவமாகி இறங்கிவிடும், காற்று இறங்காது. ஏறிவரும் ஆவி அதை மேலேயே நெருக்கி வைத்திருக்கும். கண்டென்சரில் மிச்சமிருக்கும் பகுதி அத்தனை வெப்பத்தையும் தள்ள வேண்டுமென்றால் அழுத்தம் ஏறும், கூடவே கொதிநிலை ஏறும், ஐஜிபிடி-யும் சூடாகும்.

கண்டுபிடிப்பது சுலபம். இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்திருக்கும். 30 டிகிரி என்றால் கேஜ் சுமார் 6.7 பார் காட்ட வேண்டும். என்னுடையது 7.4 காட்டியது. கூடுதலாக நின்ற அந்த 0.7 பார்தான் காற்று.

சரி, என்ன செய்வது? ரெக்கவரி மெஷினில் கேஸை எடுங்கள். வெளியே திறந்துவிடாதீர்கள்; புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மோசம். பிறகு 500 மைக்ரானுக்கு (வேக்க அழுத்தத்தின் அளவு) கீழே வேக்கம் இழுத்து, வால்வை மூடி, கேஜைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் லீக். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் இழுக்க வேண்டும்.

மொத்த வாட்டை மட்டும் பார்ப்பது

10 கிலோவாட்டை எடுத்துச்செல்ல நொடிக்குச் சுமார் 58 கிராம் ஆர்134ஏ ஆவியானால் போதும். அந்தக் கணக்கு நிம்மதி தரும், ஆனால் ஆபத்து வேறு எண்ணில் இருக்கிறது: சில்லுக்கு நேர் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட்? வரம்பு தாண்டினால் குமிழிகள் ஒட்டிச் சேர்ந்து ஆவிப் போர்வையாகிவிடும். திரவம் உலோகத்தைத் தொடாது, வெப்பநிலை சட்டென்று எகிறும். ஜப்பானில் நுகியாமா 1934-லேயே சூடான கம்பியை வைத்து, வெப்பம் கூடக் கூட வெப்பநிலை எப்படி மாறுகிறது என்ற வளைவை வரைந்து காட்டினார்.

அளவுக்கு மேல் சார்ஜ்

திரவம் கண்டென்சருக்குள் ஏறினால், ஆவிக்கு இடமில்லை.

கண்டென்சரைக் கீழே வைப்பது

பம்ப் இல்லையென்றால் கூடவே கூடாது.