வெளிறிப்போன விமானப் படங்களை மீட்டெடுத்தல்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கும் ஏ.ரி.ஆர். 72 விமானத்தை நண்பகல் வெயிலில் எடுக்கும்போது, அதன் வெள்ளை உடலின் மேற்புறம் வெளிறி, பொருத்துக் கோடுகளும் தறையாணி வரிசைகளும் படத்தில் மறைந்துபோவதுண்டு.

திருத்தத் தொடங்குமுன் படம் றோ கோப்பா (கமரா பதிந்த தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருப்பது), ஜேபெக் கோப்பா (பதப்படுத்திச் சுருக்கியது) என்று பார்க்க வேண்டும். ஒரு வண்ணத்துக்கு 8 பிற் (0 முதல் 255 வரையான அளவுகள்) மட்டுமே கொண்ட ஜேபெக்கில், மூன்று வண்ணங்களும் 255 என்ற எல்லையைத் தொட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிராது. 12 அல்லது 14 பிற் கொண்ட றோ கோப்பிலோ, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றேனும் நிரம்பாமல் இருந்தால், மென்பொருள் அதைக்கொண்டு மற்றவற்றை ஓரளவு ஊகித்துத் தரும்.

லைட்றூம் என்ற படத்திருத்த மென்பொருளில் முதலில் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை)ச் சற்றுக் குறைத்து, பிறகு ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) இறக்குங்கள். கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வைற்ஸை (மிகமிக வெளிச்சமான பகுதிகளுக்கான அளவை) நகர்த்தினால், திரை கறுத்து, நிரம்பிய இடங்கள் மட்டும் தெரியும். விமானி அறைக் கண்ணாடியில் மின்னும் சூரியப் புள்ளி அவ்வாறே இருக்கட்டும். அதை அடக்க முயன்றால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். ஹைலைட்ஸை -100 வரை இழுப்பது (என் தொடக்ககாலப் படங்கள் எல்லாம் அப்படித்தான்) வெள்ளை விமானத்தை அழுக்கு விமானமாக்கிவிடும். ஆகவே, தூரிகையால் உடலின் மேற்புறத்தை மட்டும் தெரிவுசெய்து இறக்குவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

பின்னணியில் பனை வரிசை வரும்போது, கமராவின் ஒளிமானி அந்த இருளைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும் என்பதால், அங்கே 2/3 ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்தே எடுங்கள்.