ஆர்க்கிட் இலையில் அழுகல்: எங்கே வெட்டுவது?

முதலில் புள்ளியை விரலால் தொட்டுப் பாருங்கள். நீர் கோத்து, கொழகொழவென்று அமுங்கி, ஒரே நாளில் பெரிதானால் அநேகமாக பாக்டீரியா, நாற்றமும் வரலாம். காய்ந்து, மஞ்சள் விளிம்போடு மெல்லப் பரவினால் பெரும்பாலும் பூஞ்சை.

பாக்டீரியா என்றால் அன்றே வெட்டுங்கள். புள்ளியை ஒட்டி வெட்டினால் பயனில்லை; கிருமி பச்சைப் பகுதிக்குள்ளும் போயிருக்கும். 2 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை 70% ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் பூசலாம். வேரில் பட்டால் அது வேரைக் காயவைத்துவிடும்.

செடியைத் தனியே வையுங்கள். காலையில் மட்டும் நீர் ஊற்றுங்கள். குருத்தில் தேங்கிய நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில் குருத்தே அழுகிவிட்டால் பிழைப்பது அரிது.