கரைக்கோட்டு மாற்ற வரைபடம்: எங்கே தவறுகிறது?

1990-இல் ஒரு செயற்கைக்கோள் படம், 2000-இல் இன்னொன்று. இரண்டிலும் கடலோரமாகக் கோடு இழுத்து, இடைவெளியைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு இத்தனை மீட்டர் அரிப்பு என்று ஓர் எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

படத்தில் தெரிவது அந்த நிமிடத்தில் தண்ணீர் நின்ற விளிம்பு மட்டுமே. 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கடற்கரையில், இரண்டு படங்களுக்கும் இடையே ஓத மட்டம் (கடல் ஏற்ற இறக்கத்தால் மாறும் நீர்மட்டம்) ஒரு மீட்டர் வேறுபட்டாலே கோடு 50 மீட்டர் தள்ளிப் போகும். மேலே சொன்ன கணக்கில் அது ஆண்டுக்கு 5 மீட்டர் அரிப்பாகத் தெரியும்; கரையிலோ ஒரு பிடி மணல்கூடப் போயிருக்காது. அதனால் படம் எடுத்த நேரத்தின் ஓத மட்டத்தையும் கரையின் சரிவையும் வைத்துக் கோட்டைத் திருத்த வேண்டும். முடியாவிட்டால், கிட்டத்தட்ட ஒரே ஓத நிலையில் எடுத்த படங்களையாவது தேர்ந்தெடுக்க வேண்டும்.

பருவமும் இதே போலத்தான் ஏமாற்றும். புயலலைக் காலத்தில் மெலிந்து, அமைதியான மாதங்களில் மணல் திரும்பி வந்து அகலமாவது பல கடற்கரைகளின் வழக்கம். ஒரு படம் புயலுக்கு மறுவாரம், இன்னொன்று அமைதிக் காலத்தின் முடிவு என்றால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது, பிழையைச் சொல்லாமல் விடுவது. என் பார்வையில் மன்னிக்கவே முடியாதது இதுதான். லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர்; 1970-களின் படங்களில் ஏறக்குறைய 80, சென்டினல்-2 செயற்கைக்கோளில் 10. பழைய நில அளவை வரைபடம் என்றால் கேட்கவே வேண்டாம். அதில் அச்சான ஆண்டு ஒன்று, அளந்த ஆண்டு வேறு. ஒவ்வொரு கோட்டிலும் 10 மீட்டர் பிழை என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) சுமார் 14 மீட்டர். ஐந்தாண்டு இடைவெளியில் அது ஆண்டுக்கு 2.8 மீட்டர், 35 ஆண்டு இடைவெளியில் 0.4 மீட்டர்தான். ஐந்தாண்டுத் தரவை வைத்து "ஆண்டுக்கு 2 மீட்டர் அரிப்பு" என்று சிவப்பு வண்ணம் தீட்டுவது சும்மா பயமுறுத்துவதுதான். இரண்டே படங்களோடு நிறுத்தாமல், பல ஆண்டுக் கோடுகளைச் சேர்த்துப் போக்கைக் கணக்கிட்டால் ஒற்றைப் படத்தின் கோளாறு அமுங்கிவிடும்.

கோட்டை மென்பொருளே பிரித்துத் தந்தாலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். அலை உடையும் வெண்நுரையை அது நிலமென்று எடுத்துக்கொள்வதுண்டு. 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் வருடியின் (படமெடுக்கும் கருவியின்) கோளாறால் வந்த வெற்றுப் பட்டைகளும் கோட்டை அங்கங்கே துண்டாக்கும்.

அப்புறம், சராசரி. துறைமுக அலைதடுப்புச் சுவருக்கோ தூண்டில் வளைவுக்கோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அறுபடும். இரண்டையும் கூட்டி வகுத்தால் "கரை நிலையாக உள்ளது" என்று வரும்! அந்தத் தடுப்பைக் கட்டுவதற்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் பொருத்துவதும் அதே கோளாறுதான். கட்டிய ஆண்டோடு தரவைப் பிரித்து, இருபுறத்துக்கும் தனித்தனியே வீதம் கொடுங்கள். ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், அங்கே குறுக்குக்கோடுகள் (மாற்றத்தை அளக்கக் கரைக்குக் குறுக்கே இழுக்கும் கோடுகள்) தரும் எண்களை அப்படியே வரைபடத்தில் ஏற்றாமல் தனியாகக் குறித்துவிடுவது நல்லது.